வலி குறைந்துவிட்டது, வலு திரும்பிவிட்டதா?

தசை வலுச் சோதனையும் சமவேகப் பயிற்சியும்: மூத்தோருக்கான விளக்கம்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருக்கலாம். தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கிறீர்கள். "இனி எதற்கு பிசியோதெரபி? போய்வர டாக்சிக் காசுதான் செலவு" என்று உங்களுக்குத் தோன்றலாம். பலர் இந்தக் கட்டத்தில்தான் சிகிச்சைக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்துவதற்கு முன் சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள். பேருந்தில் ஏறும்போது எப்போதும் ஒரே காலைத்தான் முதலில் வைக்கிறீர்களா? நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழ முடிகிறதா? படியில் இறங்கும்போது கைப்பிடியை விட மனம் வருவதில்லையா? ஆம் என்றால், வலி போன அளவுக்கு உங்கள் காலுக்கு வலு வரவில்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

வலி குறைவதை நீங்களே உணர்வீர்கள். வலு குறைந்திருப்பதை உணர்வது கடினம், ஏனென்றால் உடல் அதை மறைத்துவிடும். நல்ல கால் கூடுதல் சுமையை ஏற்கும். கை உதவிக்கு வரும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துகொடுக்கும். குளியலறையின் ஈரத் தரையில் கால் வழுக்கும் அந்த அரை நொடியில் மட்டும் இந்த உதவிகள் எதுவும் வந்து சேராது. அப்போது உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது தொடைத் தசை. அது தயாராக இருக்கிறதா என்பதை விழுவதற்கு முன்பே அளந்து தெரிந்துகொள்ளலாம். அதற்கான சோதனைகளைப் பற்றியும், அவற்றில் ஒன்றான சமவேக இயந்திரத்தைப் பற்றியும் இந்தக் கையேடு விளக்குகிறது.

தசை எப்படி வலுவிழக்கிறது?

நோயோ அறுவை சிகிச்சையோ வந்து படுத்துவிட்டால் தசை மிக விரைவாகக் கரைகிறது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத மூத்தோர் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்தது. முழங்காலை நீட்டும் வலுவும் தெளிவாக இறங்கியது. நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், காய்ச்சலோடும் வலியோடும் மருத்துவமனையில் இரண்டு வாரம் கிடந்தவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள்.

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு முன்தொடைத் தசையின் வலு, முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசை மெலிந்தது மட்டும் இதற்குக் காரணமல்ல. மூட்டு வீங்கியிருக்கும்போது, அந்த மூட்டைக் காப்பதற்காக நரம்புகள் தசைக்குச் செல்லும் கட்டளையைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன. நீங்கள் முழு மனதோடு "நீட்டு" என்று சொன்னாலும் கால் பாதி மனதோடுதான் கேட்கும். இது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. வீக்கத்தைக் குறைப்பதும் தசையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவதும்தான் இதற்கு வழி.

இங்கே குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. "அம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று பிள்ளைகள் சொல்வது பாசத்தினால்தான். முதல் சில நாட்களுக்கு அது சரி. மருத்துவர் நடக்கச் சொன்ன பிறகும் தண்ணீர்க் குவளை உட்கார்ந்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தால், அந்த அம்மாவின் கால் நாற்காலியிலிருந்து எழுவதையே மறந்துவிடும்.

கையால் செய்யும் சோதனை

உங்கள் பிசியோதெரபிஸ்ட் உங்கள் காலைக் கையால் அழுத்தி, "என் கையை எதிர்த்துத் தள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். இது பழைய, நம்பகமான முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நரம்புக் காயங்களைச் சோதிப்பதற்காகப் பிரிட்டனில் வகுக்கப்பட்ட 0 முதல் 5 வரையிலான அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். 0 என்றால் தசையில் அசைவே இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பைத் தூக்க முடிகிறது. 5 என்றால் முழு வலு.

பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இந்தச் சோதனை மிகவும் பயன்படும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டினால் உங்களுக்கு 3 கிடைத்துவிடும். அப்போது நீங்கள் தூக்கியது முழங்காலுக்குக் கீழே உள்ள காலை மட்டும்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை கிலோ அளவுதான் இருக்கும். நாற்காலியிலிருந்து எழுவதற்கோ உடலின் பெரும்பகுதியையும் தூக்க வேண்டும். 4, 5 என்ற எண்களிலும் இதே சிக்கல்தான். தொடைத் தசை உடலிலேயே பெரிய தசைகளில் ஒன்று. அதன் வலு கணிசமாகக் குறைந்திருந்தாலும், சோதிப்பவரின் ஒரு கையை அது எளிதாகத் தள்ளிவிடும். தாளில் "5" என்று எழுதியிருந்தும் படியேறத் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் கருவிகள் தேவைப்படுகின்றன. கைக்குள் அடங்கும் சிறிய அளவுமானியைக் காலில் வைத்து, நீங்கள் தள்ளும் விசையை அளப்பது ஒரு முறை. இன்னும் நுட்பமாக அளக்க வேண்டுமென்றால் சமவேக இயந்திரம் இருக்கிறது. மருத்துவர்கள் இதை ஐசோகைனெடிக் சோதனை என்பார்கள்.

சமவேகம் என்றால் என்ன?

இரண்டு கிலோ அரிசிப் பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு முழங்காலை நீட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பையின் எடை மாறாது. ஆனால் உங்கள் தசையின் வலு வழி நெடுக ஒரே அளவில் இருப்பதில்லை. முழங்கால் பாதி மடங்கியிருக்கும்போது தசைக்கு வலு அதிகம். முழுவதும் நீளப்போகும் கடைசிக் கட்டத்தில் குறைவு. கடைசிக் கட்டத்திலும் தூக்க முடிந்த பையைத்தான் நீங்கள் கட்டிக்கொள்ள முடியும். ஆகவே நடுவழியில் தசைக்கு முழு வேலை கிடைப்பதில்லை. அங்கே அதன் உண்மையான வலு எவ்வளவு என்பதும் தெரிவதில்லை.

இப்போது நீச்சல் குளத்தில் மார்பளவுத் தண்ணீரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் தண்ணீர் மெதுவாக எதிர்க்கும். பலமாகத் தள்ளினால் பலமாக எதிர்க்கும். நீங்கள் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். சமவேக இயந்திரம் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் தண்ணீரில் இல்லாத ஒன்று இதில் உண்டு: வேகத்தை முன்கூட்டியே பூட்டி வைத்துவிடலாம். நீங்கள் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் இயந்திரத்தின் கை அந்த வேகத்துக்கு மேல் போகாது. மிஞ்சும் விசை முழுவதையும் அது எதிர்ப்பாகத் திருப்பித் தந்து, அளந்தும் வைத்துக்கொள்கிறது. வலு அதிகமுள்ள இடத்தில் எதிர்ப்பு அதிகம். வலு குறைந்த இடத்தில் எதிர்ப்பும் குறைவு.

1960களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பெரின் என்பவர் உருவாக்கிய முறை இது. 1967இல் அவரும் ஹெலன் ஹிஸ்லப்பும் சேர்ந்து இதைப் பிசியோதெரபி உலகுக்கு விளக்கி எழுதினார்கள். அன்றிலிருந்து இது பெரும்பாலும் பந்து விளையாட்டு வீரர்களின் கருவியாகவே பேசப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டு, "இது நம் வயதுக்கு உரியது அல்ல" என்று மூத்தோர் ஒதுங்க வேண்டியதில்லை. வழக்கமான சோதனை முறையில், வலித்தால் நீங்கள் தள்ளுவதை விட்டுவிட்டால் போதும். எதிர்ப்பு அப்போதே மறைந்துவிடும். எந்த எடையும் உங்கள் மேல் விழப்போவதில்லை. கையில் தூக்கும் இரும்பு எடைக்கு இந்த நல்ல குணம் கிடையாது.

சோதனை நாளன்று

முட்டிக்கு மேல் எளிதாக ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த காற்சட்டை அணிந்து வாருங்கள். சேலையோ கைலியோ கட்டி வந்தால் காலில் பட்டை கட்டுவது சிரமம். வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது; சர்க்கரை இறங்கினால் உடனே சாப்பிட இரண்டு மிட்டாய் பையில் இருக்கட்டும். கண்ணாடியையும் கொண்டு வாருங்கள், திரையில் உங்கள் முயற்சி கோடாக ஓடுவதைப் பார்க்கலாம். பலருக்கு அதுவே உற்சாகம் தரும்.

முதலில் சில நிமிடம் மெதுவாக மிதிவண்டிப் பயிற்சி இருக்கும். பிறகு உயரமான நாற்காலியில் உட்கார வைத்து மார்பு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் பட்டை கட்டுவார்கள். சிலருக்கு இது கொஞ்சம் பயமாக இருக்கும். உடலைச் சாய்த்து உதவி வாங்காமல் அந்த ஒரு தசை மட்டும் வேலை செய்வதற்காகத்தான் இந்தக் கட்டு. இயந்திரத்தின் அச்சு உங்கள் முழங்காலின் அச்சோடு நேராக இருக்கும்படி சரிசெய்வார்கள். நிறுத்துவதற்கான பொத்தானை உங்கள் கையிலேயே தருவது வழக்கம். தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுவாக நல்ல காலை முதலில் சோதிப்பார்கள். எப்படிச் செய்வது என்று உடலுக்குப் புரிந்துவிடும், பயமும் தெளியும். முதலில் மெதுவான வேகம், பெரும்பாலும் நொடிக்கு 60 பாகை. மடங்கிய முழங்கால் நேராவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி எடுக்கும் வேகம் அது. ஐந்து முறை நீட்டி மடக்கினால் போதும். சிறிது ஓய்வுக்குப் பிறகு நொடிக்கு 180 பாகை போன்ற விரைவான வேகத்தில் இன்னும் சில முறை. விரைவான வேகம் எதற்கு என்று கேட்கலாம். வயது ஏற ஏற, தசை தரும் மொத்த வலுவைவிட, வலுவை விரைவாகத் தரும் ஆற்றல்தான் வேகமாகக் குறைகிறது. கால் இடறும்போது தேவைப்படுவது அந்த விரைவுதான்.

ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு தள்ள வேண்டும். அப்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள், அல்லது சத்தமாக எண்ணுங்கள். வலித்தால் சொல்லுங்கள். "பரவாயில்லை டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வது நம்மவர்களின் பழக்கம். இந்தச் சோதனையில் அந்தப் பழக்கம் முடிவையே தவறாக்கிவிடும். தசை பலவீனமா, வலியால் நீங்கள் பின்வாங்கினீர்களா என்பது சிகிச்சையாளருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த ஓரிரு நாள் தொடையில் தசை வலி இருக்கலாம். அது தானாகவே போய்விடும். மூட்டு வீங்கினாலோ, கெண்டைக்காலில் வலியோடு வீக்கமும் சூடும் ஏற்பட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள்.

அறிக்கையில் உள்ள எண்கள்

அறிக்கைத் தாள் கோடுகளும் எண்களுமாக மிரட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை மிகச் சிலவே. முதலாவது உச்ச முறுக்குவிசை: தசை தந்த அதிகபட்ச விசை. இது நியூட்டன் மீட்டரில் இருக்கும். அதைத் தனியாகப் பார்த்தால் அவ்வளவாக ஒன்றும் புரியாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 80 என்பது நல்ல எண். 90 கிலோ எடையுள்ளவருக்கு அதே 80 போதாமல் போகலாம். அதனால் உடல் எடையால் வகுத்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது இரண்டு கால்களுக்கும் இடையிலான வித்தியாசம். எழுபது வயது அம்மா ஒருவருக்கு நல்ல காலில் 80, அறுவை சிகிச்சை செய்த காலில் 52 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். குறைபாடு 35 விழுக்காடு. அவருக்கு வலி இல்லை, வீட்டுக்குள் நன்றாக நடக்கிறார். ஆனால் அந்தக் கால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கி நிற்கிறது. பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு 68 வந்தால் குறைபாடு 15 விழுக்காடாகச் சுருங்கியிருக்கும். இரு கால்களுக்கும் சுமார் 10 விழுக்காடு வரை வித்தியாசம் இருப்பதைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

முன்தொடைக்கும் பின்தொடைக்கும் உள்ள விகிதமும் தாளில் இருக்கும். மெதுவான வேகத்தில் பின்தொடையின் வலு முன்தொடையின் வலுவில் சுமார் 60 விழுக்காடு இருப்பது வழக்கம். கோட்டின் வடிவத்தைச் சிகிச்சையாளர் பார்த்துக்கொள்வார். மலைபோல ஏறி இறங்க வேண்டிய கோடு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், அந்தக் கோணத்தில் வலியோ தடையோ இருக்கிறதா என்று தேடுவார்.

ஓர் எச்சரிக்கை. "நல்ல கால்" உண்மையிலேயே நல்ல கால்தானா? இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும், பல மாதம் நடமாட்டம் இல்லாமல் இருந்தவருக்கும், இரண்டு கால்களுமே பலவீனமாக இருக்கும். அப்போது வித்தியாசம் 5 விழுக்காடு என்று வந்தால் மகிழ ஒன்றுமில்லை. அத்தகையவர்கள் உடல் எடைக்கு ஏற்ற எண்ணையே பார்க்க வேண்டும். இரண்டாவது முறை சோதிக்கும்போது இயந்திரம் பழகிவிட்டதால் மட்டுமே எண் சற்றுக் கூடலாம். அதையும் மனதில் வையுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகை இயந்திரத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

யாருக்கு இந்தச் சோதனை கூடாது?

எலும்பு முறிவு இன்னும் கூடாதவர்கள், எலும்பு மிகவும் மெலிந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், காலில் இரத்தக் கட்டி உள்ளவர்கள், மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்கள் ஆகியோர் முழு பலத்தோடு தள்ளும் சோதனையைச் செய்யக்கூடாது. குடலிறக்கம் இருந்தாலோ இதயமுடுக்கி பொருத்தியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த அறுவை மருத்துவரின் அனுமதி கிடைத்த பிறகே செய்யலாம். பக்கவாதத்தால் கால் இறுகியிருப்பவர்களுக்கு வேகம் கூடக் கூட இறுக்கமும் கூடலாம். அவர்களுக்கேற்ற வேகத்தைச் சிகிச்சையாளர் முடிவு செய்வார்.

இயந்திரம் இல்லாவிட்டால்?

இந்த இயந்திரம் விலை அதிகமானது. பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவிலும் விளையாட்டு மருத்துவப் பிரிவிலும்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. தேவைப்பட்டால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேளுங்கள்; சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அவருடைய பரிந்துரையோடு பொது மருத்துவமனைக்குச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். சில முதியோர் நிலையங்களில் ஜிம் டோனிக் திட்டத்தின்கீழ் காற்றழுத்தத்தில் இயங்கும் பயிற்சிக் கருவிகள் உள்ளன. அவை வேறு வகை, வேகத்தைப் பூட்டுவதில்லை. ஆனால் வலு சேர்ப்பதற்கு அவையும் நல்லவைதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத, உறுதியான சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, ஐந்து முறை முழுவதுமாக எழுந்து உட்காருங்கள். ஐந்து முறைக்கு 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆசிய நாடுகளுக்கான தசை மெலிவுப் பணிக்குழு 2019இல் வகுத்த அளவு இது. கையைப் பிடித்து அழுத்தும் கருவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் வந்தால் வலு குறைவு என்பதும் அதே குழு சொன்னதுதான். கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால், சோதனையை அதோடு நிறுத்திவிடுங்கள். அதுவே மருத்துவரிடம் சொல்லத் தேவையான செய்தி.

அதே எழுந்து உட்காரும் அசைவுதான் நல்ல பயிற்சியும். எட்டு முதல் பத்து முறை, சிறிது ஓய்வு, மீண்டும் ஒரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லை என்றால் தசைக்கு வேலை போதவில்லை. இன்னும் மெதுவாக உட்காருங்கள், அல்லது சிகிச்சையாளரைக் கேட்டுக் கணுக்கால் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை நடை நல்லதுதான். ஆனால் நடை மட்டும் தொடைக்குப் போதிய வலு தராது என்பதைப் பலர் அறிவதில்லை. தசை வளரப் புரதமும் வேண்டும்: பருப்பு, முட்டை, மீன், தயிர், தௌக்வா. சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

"இந்த வயதிலா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாஸ்டன் நகரின் முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் எட்டு வாரப் பயிற்சியில் சேர்ந்தார்கள். முழங்காலை நீட்டும் தசைக்குக் கடினமான எடைப் பயிற்சி தரப்பட்டது. முடித்தவர்களின் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

அடுத்த முறை சிகிச்சைக்குச் செல்லும்போது மூன்றைக் கேட்டு வாருங்கள். என் பலவீனமான காலின் வலு இப்போது எவ்வளவு? எந்த எண்ணை எட்டினால் படியிறங்கப் பயமில்லை? மீண்டும் எப்போது அளப்போம்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி, மருந்துப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும் அந்தத் தாளையும் பழைய அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.